ஏற்றத்துக்கு எத்தனை பல்?



மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குச் செல்லும் மலை ரயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அதில் பயணமும் செய்திருப்பீர்கள். 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் அந்த ரயில், ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தூரம் ஓடி, 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. ஏறுவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய ஐந்து மணி. நல்ல உடற்கட்டுள்ள இளைஞன் சைக்கிளிலேயே முந்திவிடக்கூடிய இந்த வேகத்தைக் கண்டு நகைப்பவர்களும் உண்டு. அந்த மெதுவான நடையிலேதான் ஓர் அரிய கணக்கு அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையுள்ள பகுதியே அந்தப் பாதையில் மிகச் செங்குத்தானது. அங்கே ஏறத்தாழ 12 மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். 100 டன் எடையுள்ள வண்டித் தொடர் ஒன்று அந்தச் சரிவில் நின்றால், ஏறக்குறைய 8 டன் எடைக்குச் சமமான இழுப்பு அதை ஓயாமல் கீழ் நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. அதன்மேல் நீலகிரியின் மழையும் பனியும் இலைச் சருகும் சேர்ந்தால், இயந்திரத்துக்கு எவ்வளவு வலிமை இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இதற்குப் பரிகாரம் தேடித்தான் ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலைக்குப் பல் ரயில் அமைத்த ரிக்கன்பாக் என்ற பொறியியலாளர் 1882-இல் நீலகிரிக்கு அழைக்கப்பட்டார். பிறகு 1891-இல் வேலை தொடங்கியது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ரயில் ஓடலாயிற்று. இறுதியில் இங்கே மேற்கொள்ளப்பட்டது ரோமன் ஆப்ட் என்ற மற்றொரு ஸ்விஸ் பொறியியலாளரின் முறையாகும். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும். ஆதலால் எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கிறது. வழுக்குவதற்கு இடமில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மற்ற இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய ரயில், பல் பாதையில் 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை.

வலிமை வேண்டுமானால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். வேகம் வேண்டுமானால் வலிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே தரும் பற்சக்கரம் உலகத்தில் இதுவரை செய்யப்படவில்லை. இனிச் செய்யப்படப் போவதுமில்லை. மலை ரயிலுக்கு மட்டுமன்று, உங்கள் சைக்கிளுக்கும், மோட்டார் சைக்கிளுக்கும், மண் மேடுகளில் ஓடுவதற்கென்றே நான்கு பருத்த சக்கரங்களோடு செய்யப்படும் ஏ.டி.வி. என்ற விளையாட்டு ஊர்திக்கும் இந்த நியதி ஒன்றே.

ரயிலில் பல்லைப் பற்றுவது பல். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே சங்கிலி ஒன்று தூது செல்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் சங்கிலியை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்டு. அவரும் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவரே. ஆப்ட் பிறந்த ஆர்கௌ மாநிலமே அவருக்கும் சொந்த மாநிலம். மலைக்குப் பல் வைத்தவரும் பல்லுக்குச் சங்கிலி மாட்டியவரும் ஒரே மண்ணில், இரண்டு ஆண்டு இடைவெளியில் பிறந்தவர்கள்.

முதலில் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். மிதியோடு சேர்ந்த சக்கரத்தில் 44 பல்லும், பின் சக்கரத்தில் 18 பல்லும் இருப்பதாகக் கொள்ளுங்கள். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் 44 கண்ணிகள் நகரும். அந்த 44 கண்ணிகள் பின்னாலுள்ள 18 பல் சக்கரத்தை ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழற்றும். ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் தூரம் கிடைக்கிறது. சமவெளியில் இது இனிமையாக இருக்கும். இதே சைக்கிளைக் குன்னூர் மலைச் சாலையில் மிதித்துப் பாருங்கள். சிறிது தூரத்தில் இறங்கித் தள்ளத் தொடங்கிவிடுவீர்கள். உங்கள் கால் அதே கால்தான். பல்லின் கணக்குத்தான் மலைக்குப் பொருந்தவில்லை.

மோட்டார் ஊர்தியில் இந்த அமைப்பு தலைகீழாக இருக்கும். எஞ்சின் மிக விரைவாகச் சுழல்வதால், அதன் பக்கத்தில் சிறிய பற்சக்கரமும், பின் அச்சில் பெரிய பற்சக்கரமும் வைத்து, வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்குகிறார்கள். விளையாட்டு ஏ.டி.வி. ஒன்றில் முன்னே 14 பல்லும் பின்னே 38 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 38-ஐ 14-ஆல் வகுத்தால் 2.71 வருகிறது. பின் டயரின் விட்டம் 20 அங்குலமானால், முன் பற்சக்கரம் ஒரு முறை சுற்றும்போது ஊர்தி ஏறத்தாழ 59 சென்டிமீட்டர் நகரும்.

இந்த ஊர்தி நீலகிரியின் செங்குத்தான மண் பாதையில் திணறுகிறது என்று கொள்ளுங்கள். அது வியப்பன்று. சரிவு ஒரு காரணம். காற்று மற்றொரு காரணம். உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அழுத்தி ஊட்டும் தனிக் கருவி இல்லாத எஞ்சின், உள்ளே இழுக்கும் காற்று குறைந்த அளவுக்கு ஆற்றலையும் இழந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் குதித்தோடிய வண்டி உதகையில் மூச்சு வாங்குவது இதனால்தான். குறைந்துபோன ஆற்றலைப் பற்சக்கரத்தால் கூட்ட முடியாது. இருப்பதை மெதுவாகவும் வலிவாகவும் செலவிட அது வழி செய்யும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன் பற்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கலாம். அல்லது பின் பற்சக்கரத்தில் மூன்று பல்லைக் கூட்டி 41 ஆக்கலாம். வகுத்துப் பாருங்கள்: முதல் வழியில் 2.92, இரண்டாம் வழியில் 2.93. பலன் ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டு வழியிலும் இழுக்கும் வலிமை நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்குக் கூடுகிறது. ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் 59 சென்டிமீட்டரிலிருந்து 55-க்கு இறங்குகிறது. முன்னே ஒரு பல், பின்னே மூன்று பல்லுக்குச் சமம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பலன் ஒன்றேயானால் எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் சங்கிலியின் நீளம் குறுக்கிடுகிறது. நேயர்கள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டால் நன்று.

இத்தகைய ஊர்திகளில் பெரும்பாலும் 520 என்ற எண்ணுள்ள சங்கிலியைப் பயன்படுத்துகிறார்கள். முதலிலுள்ள 5, ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு என்பதைக் குறிக்கிறது, அதாவது 15.875 மில்லிமீட்டர். முன் பற்சக்கரத்தின் மையத்துக்கும் பின் அச்சின் மையத்துக்கும் உள்ள தூரத்தை இந்த அளவால் வகுத்துக்கொள்ள வேண்டும். தூரம் 635 மில்லிமீட்டர் என்றால், அது 40 கண்ணி.

இனி மூன்று எண்களைக் கூட்ட வேண்டும். மைய தூரத்தின் இரு மடங்கு முதல் எண். சங்கிலியின் மேல் ஓட்டமும் கீழ் ஓட்டமும் அதில் அடங்கும். இரு சக்கரங்களின் பற்களையும் கூட்டியதில் பாதி இரண்டாம் எண். சங்கிலி சக்கரங்களைச் சுற்றி வளையும் பகுதி அது. பற்களின் வேறுபாட்டை 6.28-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, மைய தூரமாகிய 40-ஆல் வகுத்தால் மூன்றாம் எண் கிடைக்கும். பெரிய சக்கரத்துக்கும் சிறிய சக்கரத்துக்கும் இடையே சங்கிலி சாய்ந்து செல்வதால் வரும் சிறு கூடுதல் அது.

14-க்கும் 38-க்கும் கணக்கிட்டால் 80, 26, 0.37, மொத்தம் 106.37 கண்ணி. 13-க்கும் 38-க்கும் 105.9. 14-க்கும் 41-க்கும் 107.96. சங்கிலியில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால், மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். பின் அச்சை முன்னும் பின்னும் சிறிது நகர்த்தும் வசதி ஊர்தியில் உண்டு. ஆகவே முதல் அமைப்புக்கு 106 கண்ணியுள்ள சங்கிலியைப் பூட்டி, அச்சை 3 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் போதும். முன்னே 13 பல் போட்டாலும் அதே 106 கண்ணி பொருந்தும். அச்சை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னே இழுத்தால் சரியாகிவிடும். பின்னே 41 பல் போட்டாலோ 108 கண்ணியுள்ள சங்கிலி வேண்டும்.

முதல் வழியில் செலவு குறைவு என்பது தெளிவு. சிறிய சக்கரம் ஒன்றை மாற்றினால் முடிந்தது. ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பற்சக்கரம் சிறுக்கச் சிறுக்கச் சங்கிலி அதன்மேல் கூர்மையாக மடங்கி நிமிர்கிறது. கண்ணியின் ஊசிகள் விரைவில் தேய்கின்றன. மேலும், பற்சக்கரம் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தாலும், சங்கிலிக்கு அது பல கோணங்களுள்ள உருவமே. 13 பல் சக்கரத்தில் ஒவ்வொரு பல் ஏறும்போதும் சங்கிலியின் வேகம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவு கூடிக் குறைகிறது. 17 பல்லாக இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு இரண்டு பங்குக்கும் குறைவு. ஆதலால் சில நாள் சோதித்துப் பார்ப்பவருக்கு முன் பல்லைக் குறைப்பது பொருந்தும். ஆண்டு முழுவதும் மலையிலேயே ஓட்டப் போகிறவர் பின் பல்லைக் கூட்டுவதே நல்லது.

குன்னூரில் ஒரு சிறு பட்டறையில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். இளைஞர் ஒருவர் வந்து, "அண்ணே, பின்னால் பெரிய சக்கரமாகப் போட்டுவிடுங்கள்" என்றார். பெரியவர் உடனே கருவியைத் தொடவில்லை. "தம்பி, வண்டி எந்தக் கியரில் திணறுகிறது?" என்று கேட்டார். "மேல் கியரில்தான்" என்றார் இளைஞர். "அப்படியானால் கியரைக் குறைத்து ஓட்டப் பழகு, சக்கரத்தை மாற்றாதே. முதல் கியரிலேயே திணறி, கிளட்ச் எரியும் நாற்றம் வந்தால் அப்போது வா" என்றார் அவர். டயர் ஏதாவது மாற்றினாயா என்றும் கேட்டார். பெரிய டயர் போட்டால் அது பின் பல்லைக் குறைத்ததற்குச் சமம் என்பதை அந்த இளைஞர் அன்றுதான் அறிந்தார். விற்பனை ஒன்று கையை விட்டுப் போயிற்று. ஆனால் பெரியவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

அவர் என்னிடம் ஒரு பழைய சங்கிலியையும் காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கை வந்துவிட்டதால், யாரோ அதில் வளைந்த தகடுகளுள்ள அரைக் கண்ணி ஒன்றைச் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்திருந்தது. மற்றக் கண்ணிகளில் இழுப்பு நேராகச் செல்ல, அரைக் கண்ணியின் வளைந்த தகட்டை அது நிமிர்த்தப் பார்க்கிறது. நூறு கண்ணிகள் உறுதியாக இருந்து என்ன பயன்? மெலிந்த ஒன்றே சங்கிலியின் ஆயுளை முடிவு செய்துவிட்டது.

மலையில் சங்கிலி அறுவது வெறும் இடையூறு அன்று, ஆபத்து. ஏறும்போது அறுந்தால் ஊர்தி பின்னோக்கி உருளத் தொடங்கும். அறுந்த சங்கிலி பற்சக்கரத்தில் சுருண்டு சிக்கினால், பின் சக்கரங்கள் திடீரென்று பூட்டிக்கொள்ளலாம். இறங்கும்போது அறுந்தால் எஞ்சினின் தடுப்பு ஒரே நொடியில் போய்விடும்.

எஞ்சினின் தடுப்பு என்றேன். ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறோம். ஏறியது எல்லாம் இறங்கத்தானே வேண்டும்? தாழ்ந்த கியரில் இறங்கும்போது, சக்கரம் பற்சக்கரத்தின் வழியே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை ஊர்தியைப் பின்னிருந்து பிடித்து நிறுத்துகிறது. ஏறும்போது வலிமை தந்த அதே பல், இறங்கும்போது காவலாக நிற்கிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே கியரை விடுவித்துவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக எண்ணி அப்படி இறங்கியவர்கள், மிச்சம் பிடித்த எண்ணெயின் விலையைப் போல் பன்மடங்கு விலை கொடுத்திருக்கிறார்கள். சிலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். மலை ரயிலும் இதையே நமக்குக் காட்டுகிறது. பல் பாதையில் அதன் எஞ்சின் எப்போதும் சரிவின் கீழ்ப் பக்கத்திலேயே இருந்து, ஏறும்போது பெட்டிகளைத் தள்ளுகிறது, இறங்கும்போது தாங்குகிறது.

ஆதலால், பற்களைத் தேர்ந்தெடுத்தபின் சில காரியங்களில் கவனம் வேண்டும். முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பின் சக்கரம் மேலும் கீழும் அசையும்போது சங்கிலி விறைக்காதபடி, கைப்புத்தகம் சொல்லும் அளவுக்குத் தொய்வு விட வேண்டும். விறைத்த சங்கிலி தானும் கெட்டு, தாங்கிகளையும் கெடுக்கும். இணைப்புக் கண்ணியின் கவ்வியைப் பூட்டும்போது, அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால், புதிய 520 சங்கிலியில் 317.5 மில்லிமீட்டர் இருக்கும். அது 324-ஐ எட்டிவிட்டால், அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்டால், அந்தச் சங்கிலியைக் கழித்துவிடுங்கள். அதற்கு முன்பே மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. நீண்ட சங்கிலி பல்லின் அடியில் அமராமல் நுனிக்கு ஏறும். பல்லும் கொக்கி போல் வளைந்து தேயும். அப்போது சங்கிலியை மட்டுமோ சக்கரத்தை மட்டுமோ மாற்றுவது வீண். தேய்ந்தது புதியதையும் தன்னைப் போலவே தேய்த்துவிடும்.

இன்னொரு சொல்லும் சொல்ல வேண்டும். வலிமையுள்ள ஊர்தி கையில் இருக்கிறது என்பதற்காக, நீலகிரியின் சோலைக் காடுகளிலும் புல்வெளிகளிலும் அதைச் செலுத்துவது தகாது. சக்கரம் கிழித்த புல்வெளியில் மழைநீர் ஓடை பறித்துவிடும். காப்புக் காடுகளுக்குள் நுழைவது சட்டத்துக்கும் புறம்பானது. இத்தகைய விளையாட்டுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், தலைக்கவசம் அணிந்து ஓட்டுவதே முறை.

மாணவர்களே, நீங்கள் எல்லோரும் இந்த ஊர்தியை ஓட்டப் போவதில்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரு சைக்கிளாவது இருக்கும். நாளைக் காலையில் அதைச் சாய்த்து நிறுத்தி, முன்னே எத்தனை பல், பின்னே எத்தனை பல் என்று எண்ணுங்கள். அதன் சங்கிலியின் இடைவெளி அரை அங்குலம். மைய தூரத்தை அளந்து, நான் சொன்ன முறையில் கண்ணிகளைக் கணக்கிடுங்கள். பிறகு சங்கிலியை ஒரு கண்ணி விடாமல் எண்ணிப் பாருங்கள். தாளில் வந்த எண்ணும் கையில் வந்த எண்ணும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பதைக் காண்பீர்கள். அந்த மகிழ்ச்சியை நீங்களே அனுபவிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.